‘நன்றி: முகநூல்’

போன மாதம் யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டு மலர் எங்கள் கைக்கு வந்தது. நல்ல தாளில் அச்சடித்த மலர். வாழ்த்துச் செய்திகள் முடிந்த பிறகு வாசிகசாலையின் வரலாறு என்று ஒரு கட்டுரை. இரண்டாவது பந்தியை வாசிக்கும்போதே எங்களில் ஒருத்தி, “இது நான் எழுதினதெல்லோ” என்றாள். உண்மைதான். மூன்று வருடத்துக்கு முன்னர் எங்கள் தளத்துக்காக அவள் எழுதியது. அந்த ஊருக்குப் போய், மூன்று நாள் நின்று, பழைய ஆட்களோடு கதைத்து எழுதினாள். மலரில் அவளின் பெயர் இல்லை. கட்டுரையின் அடியில் இரண்டே இரண்டு சொல்: ‘நன்றி: முகநூல்’.

முகநூல் எப்ப அந்த ஊருக்குப் போனது? எந்தத் திண்ணையில் இருந்து யாரோடு கதைத்தது?

பெயர் போனதில் எங்களுக்குக் கோபம்தான், மறைக்கவில்லை. ஆனால் இதை எழுத வைத்தது இன்னொரு விஷயம். அந்தக் கட்டுரை முதலில் வந்தபோது அதில் ஒரு பிழை இருந்தது. வாசிகசாலையின் முதல் புத்தக அலுமாரியை ஊர் வர்த்தகர் ஒருவர் வாங்கிக் கொடுத்தார் என்று எழுதியிருந்தோம். நாலாம் நாள் அந்த ஊர் அம்மா ஒருவர் பேத்தியின் போனில் இருந்து எடுத்தார். “பிள்ளை, அந்த அலுமாரி நாங்கள் பொம்பிளையள் பிடியரிசி சேர்த்து வாங்கினது. உலையில போட முதல் ஒரு பிடியை எடுத்து வையுங்கோ எண்டு வீடு வீடாச் சொல்லி, மாசக் கடைசியில சேர்த்து வித்தனாங்கள். அவர் தந்தது மேசை.” ஊரில் இன்னும் இரண்டு பேரிடம் விசாரித்தோம். அம்மா சொன்னதுதான் சரி. அன்றைக்கே தளத்தில் திருத்தி, திருத்திய திகதியையும் காரணத்தையும் கட்டுரையின் தொடக்கத்திலேயே போட்டோம்.

மலரில் இருப்பது திருத்த முதல் இருந்த கட்டுரை. பெண்களின் பிடியரிசி அதில் இல்லை. வர்த்தகரின் அலுமாரி இருக்கிறது, இப்போது அச்சிலும் ஏறிவிட்டது. இன்னும் இருபது வருடத்தில் யாராவது அந்த ஊரைப் பற்றி ஆய்வு செய்தால் கையில் கிடைக்கப் போவது இந்த மலர்தான். அந்த அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. மலர் அவரின் வீட்டுக்கும் போயிருக்கும்.

ஏழு பிரதிகள்

கட்டுரை எங்கெங்கே போனது என்று தேடத் தொடங்கினோம். எங்கள் தளத்தில் இருப்பதை விட்டால் ஏழு பிரதிகள் அகப்பட்டன. ஒரு நண்பர் தன் பக்கத்தில் முழுதாகக் கொப்பி பண்ணிப் போட்டு, கடைசியில் எழுதியவரின் பெயரும் போட்டிருந்தார். அதில் இருந்து எடுத்த ஊர்க் குறூப் ஒன்றில் கடைசி இரண்டு பந்தியும் இல்லை. பெயர் அதோடு போய்விட்டது. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கம் ஒன்று தன் பக்கத்தில் படமும் சேர்த்துப் போட்டிருந்தது. செய்தித் தளம் ஒன்று தலைப்பை மாற்றி, நடுவில் இரண்டு விளம்பரம் செருகி, ‘எமது செய்தியாளர்’ என்று போட்டிருந்தது. வட்ஸ்அப்பில் எத்தனை குறூப்புக்குள் போனது என்பதை யாராலும் எண்ண முடியாது.

இவர்களைத் திட்டுவதற்கு முழு ஆயத்தத்தோடு வாசிகசாலைச் செயலாளரைச் சந்திக்கப் போனோம். மரியாதையான மனிதர். தேத்தண்ணி தந்தார். தன் போனை எடுத்து, கட்டுரையை எடுத்த இடத்தைக் காட்டினார். பார்த்தால் அது எங்கட பக்கம்.

ஏழில் மூன்று பிரதி நாங்களே போட்டது. தளத்தின் முகநூல் பக்கம் ஒன்று. நூல் விமர்சனத்துக்கென்று தொடங்கி ஆறு மாதத்தில் கைவிட்ட இன்னொரு பக்கம். பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று வைத்திருந்த இலவச வலைப்பூ. நிறையப் பேரைப் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையில் எல்லா இடத்திலும் முழுக் கட்டுரையையும் கொட்டினோம். திருத்தம் வந்தபோது தளத்தில் திருத்தினோம், முதற் பக்கத்தில் திருத்தினோம், வலைப்பூவில் திருத்தினோம். கைவிட்ட பக்கத்தை மறந்துபோனோம். அதில் எழுதியவரின் பெயரையும் நாங்கள் போட்டிருக்கவில்லை. ‘மூலக் கட்டுரைக்கு’ என்று ஒரு லிங்க் மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் தளத்தின் முகவரி மாறியதால் அந்த லிங்கும் வேலை செய்யவில்லை. செயலாளர் அதை அமத்திப் பார்த்திருக்கிறார், திறக்கவில்லை. வேறு என்ன செய்வார்? முகநூலுக்கு நன்றி சொல்லிவிட்டார்.

ஆகவே இனி எழுதப் போகிற குற்றச்சாட்டு எல்லாவற்றிலும் முதல் எதிரி நாங்கள்தான். இதை வாசிக்கிற நீங்கள் இரண்டாவது.

“கருத்து போய்ச் சேர்ந்தால் காணும்”

கொப்பி பண்ணினவரிடம் கேட்டால் வருகிற முதல் பதில் இது. கருத்துத்தானே முக்கியம், பெயர் எதற்கு, எழுதுகிறவனுக்கு இவ்வளவு தலைக்கனம் கூடாது. கேட்க நல்லாத்தான் இருக்கு. பெருந்தன்மை மாதிரியும் இருக்கு. ஆனால் அது அடுத்தவரின் உழைப்பில் காட்டுகிற பெருந்தன்மை.

எழுதியவரின் பெயர் இருந்தால் பிழையைச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறார். அந்த அம்மா எங்களுக்குப் போன் எடுத்தது, கட்டுரையில் எழுதியவரின் பெயரும் தளத்தின் இலக்கமும் இருந்ததால். ‘படித்ததில் பிடித்தது’ என்று அதே கட்டுரை அவருக்கு வந்திருந்தால் அவர் யாருக்கு எடுத்திருப்பார்? பேத்தியிடம் சொல்லிப்போட்டு விட்டிருப்பார். யார் எழுதியது என்று தெரியாத எழுத்துக்குப் பொறுப்புச் சொல்ல யாரும் இல்லை. கேள்வி கேட்கவும் முடியாது, திருத்தவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

இது வாசிகசாலை அலுமாரியோடு முடிகிற கதையும் இல்லை. 2018 இல் அம்பாறையில் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மலட்டு மாத்திரை கலக்கிறார்கள் என்று ஒரு வீடியோ நாடு முழுக்கச் சுற்றியது. அப்படி ஆளை மலடாக்கிற மாத்திரையே கிடையாது என்று வைத்தியர்கள் சொன்னார்கள். வீடியோ போன இடமெல்லாம் அந்த மறுப்புப் போகவில்லை. அடுத்த மாதம் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்தக் கலவரத்தில் தன் தளத்துக்கு இருந்த பங்குக்காக 2020 இல் பேஸ்புக் நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. வதந்தியையும் எங்கள் கட்டுரையையும் ஒரே தராசில் வைக்கவில்லை. ஆனால் இரண்டும் பயணம் போகிற பாதை ஒன்றுதான். யார் சொன்னது, எப்ப சொன்னது, பிறகு மாற்றிச் சொன்னாரா என்று கேட்காமல் அமத்துகிற விரலும் ஒன்றுதான். நல்ல விஷயத்துக்கு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகாதவர், கெட்ட விஷயம் வரும்போது திடீரென்று கேட்கப் போவதில்லை.

“அந்தக் காலத்தில எங்கட சனம் பேப்பரைப் பகிர்ந்து வாசிக்கேல்லையோ” என்று ஒருவர் கேட்டார். வாசித்தது. வாசிகசாலையின் சரிவு மேசையில் ஒரு பத்திரிகையை இருபது பேர் வாசித்தார்கள். எழுத்துத் தெரியாதவருக்கு ஒருவர் உரத்து வாசித்துக் காட்டினார். அவரும் “வீரகேசரியில போட்டிருக்கு” என்று சொல்லித்தான் தொடங்கினார். தாளின் தலையில் பத்திரிகையின் பெயரும் திகதியும் இருந்தது. நாளைக்கு மறுப்பு வந்தால் அதே மேசைக்கு வந்தது. பகிர்வது எங்களுக்குப் புதிது அல்ல. தலைப்பைக் கிழித்துவிட்டுப் பகிர்வதுதான் புதிது.

லிங்கை ஒருத்தரும் அமத்த மாட்டினம்

இரண்டாவது பதில் இது. இதில் உண்மை இருக்கிறது, அதனால் மரியாதையாகப் பேச வேண்டும்.

எங்கள் வாசகர்களில் நிறையப் பேர் பேஸ்புக், வட்ஸ்அப் பொதி மட்டும் போட்டிருப்பவர்கள். அவர்களுக்கு நாங்கள் லிங்க் அனுப்புவது, பூட்டின கதவைக் காட்டுவது மாதிரி. திறக்க வேறு டேட்டா வேண்டும். ரியூசன் முடித்து பஸ்ஸில் வரும்போது வாசிக்கிற பெட்டை ஒருத்தி எங்களிடம் கேட்டாள்: “அண்ணா, லிங்கைப் போட்டு ஏன் பகிடி விடுறியள்? கட்டுரையைப் போடுங்கோவன்.” அவள் கேட்டது நியாயம். ‘லிங்க் மட்டும்தான் பகிரலாம், முழுதாகப் போட்டால் திருட்டு’ என்று சட்டம் பேசுகிற நண்பர்கள் இந்தப் பிள்ளையைக் கணக்கில் எடுப்பதில்லை. நாங்களும் முன்பு எடுக்கவில்லை.

ஆகவே எங்கள் நிலைப்பாடு, முழுக் கட்டுரையையும் பகிரலாம். தாராளமாகப் பகிரலாம். ஆனால் அந்தப் பிரதியின் தலையில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: எழுதியவரின் பெயர், எழுதிய திகதி, அது முதலில் வந்த இடத்தின் முகவரி. அடியில் போடாதீர்கள். முகநூல் நீளமான பதிவை ‘மேலும் பார்க்க’ என்று மடித்துவிடும். கொப்பி பண்ணுகிறவர் அடியை வெட்டிவிடுவார். தலையில் இருப்பதை வெட்ட வேண்டுமென்றால் வேண்டுமென்றே வெட்ட வேண்டும். தெரியாமல் விடுபட்டது என்று பிறகு சொல்ல முடியாது.

ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கள் நண்பர் ஒருவருக்குப் பார்வை இல்லை. போன் வாசித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் அவர் எங்கள் கட்டுரைகளைப் படிக்கிறார், எங்களில் பலரைவிடக் கூடவே படிக்கிறார். நீங்கள் ஒரு கவிதையைப் பூப்படத்தின் மேல் எழுதிப் போட்டால் அவரின் போன் சொல்வது ‘படம்’ என்ற ஒரே சொல். தேடினாலும் அது அகப்படாது. படமாகப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்தில் எழுத்தாகவும் போடுங்கள்.

வாடகை வீடுகள்

முகநூல் இருக்கும்போது தனித் தளம் எதற்கு என்று கேட்கிற தோழர்கள் எங்களுக்குள்ளேயே உண்டு. தளத்துக்குக் காசு கட்ட வேண்டும், பராமரிக்க வேண்டும், வருகிறவர் தொகையும் குறைவு. பேசாமல் எல்லாரும் இருக்கிற இடத்திலேயே எழுதினால் என்ன?

இந்தக் கேள்வியை எங்களுக்கு முன்னர் எழுதிய அக்காமார் அண்ணாமாரிடம் கேட்டுப் பாருங்கள். ஜியோசிற்றீஸில் பக்கம் வைத்திருந்தவர்கள் 2009 இல் அதை இழந்தார்கள். வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் சேர்த்து வாசிக்கத் தந்த கூகுள் ரீடரை 2013 யூலையில் மூடினார்கள். கூகுள் பிளஸில் நீண்ட விவாதம் நடத்தியவர்களின் விவாதம் 2019 ஏப்ரலோடு போனது. பேஸ்புக்கில் ‘நோட்ஸ்’ என்று ஒன்று இருந்தது, எங்கட ஆட்கள் எத்தனையோ கட்டுரையும் சிறுகதையும் அதில்தான் எழுதினார்கள். 2020 ஒக்டோபருக்குப் பிறகு புதிதாக எழுதவும் முடியாது, பழையதைத் திருத்தவும் முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். வலைப்பூவில் போட்டால் தானாகவே சொந்த முகநூல் பக்கத்திலும் போய் விழுகிற ஏற்பாடு பலரிடம் இருந்தது. அதையும் 2018 ஓகஸ்டில் பேஸ்புக் அடைத்தது. ஒன்றுக்கும் எங்களிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. வீடு அவர்களுடையது.

நாட்டுக்குள்ளேயும் பாருங்கள். 2018 மார்ச்சில் பேஸ்புக், வட்ஸ்அப், வைபர், இன்ஸ்டகிராம் எல்லாம் ஒரு கிழமையளவு முடக்கப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு திரும்பவும். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி, மக்கள் வீதிக்கு இறங்கின நேரத்தில் திரும்பவும். ஒரு கதைக்கும் எழுத்துக்கும் அதிகம் தேவை வருகிற நாளில்தான் இந்த வாடகை வீடுகளின் கதவைச் சாத்துகிறார்கள். முகநூலில் மட்டும் எழுதியவருக்கு அன்றைக்கு வாயில்லை.

யாழ் நூலகம் 1981 இல் எரிந்ததைச் சொல்லிச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஒவ்வொரு வருடமும் யூன் முதலாம் திகதி அந்தப் படத்தைப் பகிர்கிறோம். அதே வேளை எங்கள் தலைமுறை எழுதுகிறதை எல்லாம், யாரோ ஒரு நிறுவனம் நாளைக்கு மூடிவிடக்கூடிய இடத்தில், திகதியும் பெயரும் இல்லாமல் கொட்டிக்கொண்டு இருக்கிறோம். 2005 இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தைப் பாருங்கள். ஆரோ ஒருவர் பரணில் வைத்திருந்த பழைய சஞ்சிகையை வாங்கி, ஸ்கான் பண்ணி, ஆசிரியர் யார், எந்த வருடம், யார் வெளியிட்டது என்று பதிந்து வைக்கிறார்கள். ஐம்பது வருடத்துக்கு முந்திய சஞ்சிகையில் அந்த விபரம் எல்லாம் அட்டையிலேயே இருக்கிறது. போன வருடம் நாங்கள் எழுதிய பதிவுக்கு அது இல்லை. அந்தப் பழைய ஆட்களிடம் எங்களைவிட வசதி குறைவு, பொறுப்புக் கூட.

சிதறின கதை

இன்னொரு இழப்பையும் சொல்ல வேண்டும். அந்த வாசிகசாலைக் கட்டுரையின் முகநூல் பிரதி ஒன்றின் கீழ் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் நீண்ட பின்னூட்டம் எழுதியிருந்தார். 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் சனம் தென்மராட்சிக்குப் போனபோது வாசிகசாலைப் புத்தகங்களில் ஒரு பகுதியை யார் யார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார்கள், எவை திரும்பி வந்தன என்று பெயர் பெயராக எழுதியிருந்தார். எங்கள் கட்டுரையைவிட அதுதான் பெறுமதி. பிறகு எடுத்து வைப்போம் என்று நினைத்தோம். போன கிழமை தேடினால் அவரின் கணக்கும் இல்லை, பின்னூட்டமும் இல்லை.

ஏழு இடத்தில் ஒரு கட்டுரை இருந்தால் ஏழு இடத்தில் அரைகுறையாகக் கதை நடக்கும். ஒரு இடத்தில் ஒருவர் கேட்ட கேள்விக்கு இன்னொரு இடத்தில் பதில் கிடக்கும். இருவரும் சந்திக்க மாட்டார்கள். ‘நிறையப் பேரைச் சேர்ந்தது’ என்று லைக்கை எண்ணிப் புளுகுகிற நாங்கள் இதை எண்ணுவதில்லை.

சட்டம் பற்றி ஒரு வரி. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், எழுதியவர் தன் பெயரைக் கோருகிற உரிமையை இந்த நாட்டில் ஏற்றுக்கொண்டிருக்கிறது. இணையத்தில் கிடக்கிறது எல்லாம் பொதுச் சொத்து என்று நினைப்பவர்கள் இதைத் தெரிந்து வைத்திருங்கள். ஆனால் வாசிகசாலைக்கு எதிராக வழக்குப் போடுகிற ஆட்கள் நாங்கள் இல்லை. எங்களுக்கு வேண்டியது பழக்கம் மாறுவது.

எங்கள் கை சுத்தம் என்று நினைக்க வேண்டாம். தொடங்கின காலத்தில் நாங்களும் ‘வாசித்ததில் நெஞ்சைத் தொட்டது’ என்று பெயர் இல்லாமல் ஒரு கவிதை போட்டோம். இரண்டு நாளில் மட்டக்களப்பில் இருந்து ஒருவர் எழுதினார்: “அது என்னுடையது. என் தங்கச்சி செத்தபோது எழுதியது.” அதற்குப் பிறகு என்ன விளக்கம் சொல்வது? மன்னிப்புக் கேட்டோம், பெயரைப் போட்டோம். அந்தக் கவிதையை அதற்குள் எத்தனை பேர் எங்களிடம் இருந்து எடுத்திருப்பார்கள் என்பது தெரியாது.

இனி என்ன செய்யப் போகிறோம்

கூடி இருந்து கதைத்து முடிவெடுத்தோம். ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு வீடு, அது எங்கள் தளம். முதலில் அங்கே வரும், பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போகும். எங்கெங்கே போட்டோம் என்று ஒரு கொப்பியில் எழுதி வைப்போம். ஆம், கடதாசிக் கொப்பியில். திருத்தம் வந்தால் அந்தப் பட்டியலைப் பார்த்து ஒவ்வொன்றாகத் திருத்துவோம். கைவிட்ட பக்கத்தையும் வலைப்பூவையும் மூடுகிறோம். பழைய முகவரிக்கு வருகிறவர் புதியதற்குப் போக வழி வைக்கிறோம். வட்ஸ்அப்புக்கென்று முழுக் கட்டுரையும் எழுத்தாகவே தருவோம், தலையில் பெயர், திகதி, முகவரியோடு. எங்கே நல்ல பின்னூட்டம் வந்தாலும் எழுதியவரிடம் கேட்டுத் தளத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்போம்.

உங்களிடம் கேட்பது அதைவிடச் சின்னது. பகிர முதல் முழுதாக வாசியுங்கள். பெயரை வெட்டாதீர்கள். பெயர் இல்லாமல் உங்களுக்கு வந்தால், ஒரு வரியை எடுத்துத் தேடிப் பாருங்கள், ஒரு நிமிடம் போதும். அகப்படவில்லை என்றால் ‘எழுதியவர் யார் என்று தெரியவில்லை, தெரிந்தவர் சொல்லுங்கள்’ என்று போடுங்கள். ‘நன்றி: முகநூல்’, ‘நன்றி: இணையம்’ என்று போடாதீர்கள். அது நன்றி இல்லை.

வாசிகசாலைச் செயலாளரிடம் பிடியரிசிக் கதையைச் சொன்னோம். அவருக்கே அது தெரியாது. “தம்பி, என்ர அம்மாவும் சேர்த்திருப்பா” என்றார். மிச்சம் இருக்கிற மலர்களில் ஒட்டுவதற்குத் திருத்தத் துண்டு ஒன்று அச்சடிக்கச் சம்மதித்திருக்கிறார். செலவு எங்களுடையது. ஏற்கனவே வீடுகளுக்குப் போன மலர்களுக்கு, வாற சனிக்கிழமை நாங்கள் ஆறு பேர் சைக்கிளில் போய்க் கொடுக்கப் போகிறோம். முதல் துண்டு அந்த அம்மாவின் வீட்டுக்கு.